மூன்று வருடமாகப் பூக்காத கிரேப் மிர்ட்டில்: கத்தரியை எடுப்பதற்கு முன்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோவையில் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள சந்தில் மூன்று வருடத்துக்கு முன் நட்ட கிரேப் மிர்ட்டில் எட்டடி உயரம் போய்விட்டது. இலையெல்லாம் கரும்பச்சை. ஆனால் இதுவரை ஒரு கொத்துப் பூ வைக்கவில்லை. வாரந்தோறும் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறீர்கள், மாதம் ஒரு கைப்பிடி யூரியாவும் வைக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘இது ஆண் செடி, பூக்காது’ என்கிறார். வேறொருவர் அடிமரத்தில் இரும்பு ஆணி அடிக்கச் சொல்லியிருக்கிறார். போன ஜூலையில் டாலஸில் மகள் வீட்டுக்குப் போனவிடத்தில் தெருத் தெருவாக இதே செடி பூத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்ததில் ஆதங்கம் கூடிவிட்டது. ‘இப்போதே பாதியாக வெட்டிவிடலாமா, வெட்டினால் பட்டுப்போகுமா?’ என்று முடித்திருக்கிறீர்கள். கேள்வி வெட்டுவதைப் பற்றி இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்: இந்தச் செடிக்கு நம் ஊர் ஒத்துவருமா, அல்லது மூன்று வருடம் வீணா?

ஒத்துவரும். நான் தோட்டக்கலை படித்தவன், முப்பது வருடத்துக்கு மேல் நாற்றுப்பண்ணை நடத்தியவன். சமவெளியில் நூற்றுக்கணக்கில் இந்தச் செடியைப் பூக்க வைத்திருக்கிறேன். ஆண் செடி என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். பப்பாளியிலும் பனையிலும் ஆண், பெண் தனித்தனி மரம் உண்டு. கிரேப் மிர்ட்டிலில் ஒவ்வொரு பூவிலும் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கும். பூக்காத ஆண் செடி என்று ஒன்று கிடையாது. ஆண் செடியாகவே இருந்தாலும் அதுவும் பூக்கத்தானே வேண்டும்! ஆணி விஷயம் இன்னும் மோசம். இதன் பட்டை மிக மெல்லியது, அடித்த ஓட்டை வழியே பூஞ்சை உள்ளே போவதுதான் மிச்சம்.

படம் எதுவும் நீங்கள் போடவில்லை. அதனால் உங்கள் கையில் இருப்பது கிரேப் மிர்ட்டில்தானா என்பதை முதலில் நீங்களே பார்க்க வேண்டும். நாற்றுப்பண்ணைகளில் ‘லாகர்ஸ்ட்ரோமியா’ என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகளை விற்கிறார்கள். ஒன்று லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா. அதுதான் நீங்கள் டாலஸில் பார்த்தது. மற்றொன்று லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா. நம் பூமருது, மலையாளத்தில் மணிமருது, மகாராஷ்டிரத்தின் மாநில மலர். பூமருது பெரிய மரம். விதையிலிருந்து வந்த கன்று பூக்கப் பல வருடம் எடுத்துக்கொள்ளும், மூன்றாம் வருடத்தில் அதனிடம் பூவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டையும் பிரித்தறிய இலையே போதும். இண்டிகாவின் இலை கட்டைவிரல் நீளத்தை ஒட்டியிருக்கும், காம்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் குட்டையாக இருக்கும். பூமருதின் இலை உள்ளங்கையையும் தாண்டி நீளும், தோல் போலத் தடித்திருக்கும், உதிர்வதற்கு முன் செம்பு நிறத்துக்கு மாறும். ஐயம் தீரவில்லையென்றால் இளங்குச்சி ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். இண்டிகாவின் இளங்குச்சி உருண்டையாக இருக்காது, நான்கு மூலையும் விரலில் தட்டும். நீங்கள் சொல்லும் உயரத்தையும் அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பியிருப்பதையும் வைத்துப் பார்த்தால் இண்டிகாவாகத்தான் இருக்க வேண்டும். கீழே எழுதுவதெல்லாம் அந்த நம்பிக்கையில்தான்.

தமிழில் இதற்குப் பவளக்குறிஞ்சி என்றொரு பெயர் உண்டு. அழகான பெயர்தான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்த நாற்றுப்பண்ணையிலும் எடுத்துத் தர மாட்டார்கள். மலைக் குறிஞ்சிக்கும் இதற்கும் உறவில்லை. உண்மையான உறவு உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கலாம். மருதாணியும் மாதுளையும் இதே குடும்பம். மாதுளம் பூவின் இதழைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கசங்கிய பட்டுத் துணி போன்ற சுருக்கம் தெரியும். கிரேப் மிர்ட்டிலுக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான், க்ரேப் சேலையில் வரும் அதே க்ரேப். இந்த உறவை ஞாபகம் வைத்துக்கொண்டால் செடியின் குணமும் பாதி பிடிபடும். மருதாணி வேலியை எவ்வளவு வெட்டினாலும் பட்டுப்போகாது. வெட்டிய இடத்துக்குக் கீழே நாலைந்து துளிர் கிளம்பும். நிழலில் இருக்கும் மருதாணி இலை கொடுக்கும், பூக் கொடுக்காது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். இந்தச் செடியைப் பற்றி எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் அது இதுதான்: அந்த வருடம் புதிதாக வந்த கிளையின் நுனியில் மட்டுமே பூக்கும், அந்த நுனி நேரடி வெயிலைக் குடித்திருக்க வேண்டும். பழைய கட்டையில் பூக்காது. நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும், எட்டு மணி நேரம் கிடைத்தால் பிரமாதம். மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் இலையும் உயரமும் வரும். நீங்கள் எழுதியிருப்பதும் அதுதான். எட்டடி உயரம், மெலிந்த நீண்ட தண்டுகள், கரும்பச்சை இலை. சந்தில் ஒரு பக்கம் உங்கள் சுவர், மறுபக்கம் மதில், மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாடி. செடி வெளிச்சத்தைத் தேடி மேலே ஓடியிருக்கிறது. நீங்கள் அதைச் செழிப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள்.

இதை நான் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மில் பங்களாவின் நடைபாதை ஓரத்தில் நாற்பது கன்று வைத்துக் கொடுத்தேன். இருபுறமும் பழைய தூங்குமூஞ்சி மரங்கள். நிழலான பாதைக்குப் பூ வரிசை வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், நானும் மறுக்கவில்லை. முதல் வருடம் பூ இல்லை. ‘வேர் பிடிக்கட்டும்’ என்றேன். இரண்டாம் வருடமும் இல்லை. சூப்பர் பாஸ்பேட் போட்டேன், எலும்புத் தூள் போட்டேன், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன். அந்த ஐப்பசி மழையில் தூங்குமூஞ்சியின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அடுத்த வைகாசியில் அந்த இடைவெளிக்குக் கீழே இருந்த மூன்று செடிகள் மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்தன. மற்ற முப்பத்தேழும் அப்படியே நின்றன. நாற்பதுக்கும் ஒரே மண், ஒரே உரம், ஒரே தோட்டக்காரர். தோட்ட வேலைப் பையன் ஒருவன், ‘அண்ணா, மேலே பாருங்கள்’ என்று கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் எதையும் செய்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செடிக்காக ஒதுக்குங்கள். காலை ஏழு மணியிலிருந்து மணிக்கொரு தடவை மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கிளை நுனிகளின் மேல் வெயில் விழுகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சந்தின் தரையில் விழும் வெயில் கணக்கில்லை, நுனியில் விழுவதுதான் கணக்கு. ஒன்றைக் கவனியுங்கள்: இப்போது மார்கழி நெருங்குகிறது, சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. சித்திரை, வைகாசியில் உச்சிக்கு வந்துவிடும், அப்போது குறுகிய சந்திலும் நண்பகல் வெயில் நேராக இறங்கும். ஆகவே இன்றைய கணக்கில் நான்கு மணி நேரம் வந்தால் கோடையில் கூடுதலாகவே கிடைக்கும், அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கும் கீழே இருந்தால் கவாத்து (கிளை வெட்டுவது), உரம், மருந்து எதுவும் பயன் தராது. செடியை இடம் மாற்றுவது ஒன்றுதான் வழி.

இடம் மாற்றுவது நீங்கள் நினைப்பது போலப் பெரிய காரியம் இல்லை. தை கடைசியில், இலை பழுத்து உதிர்ந்து செடி சோம்பிக் கிடக்கும்போது செய்ய வேண்டும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, தண்டுகளை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டு, அடியிலிருந்து சுற்றிலும் முக்கால் அடி தள்ளிக் கடப்பாரை போட்டு மண்கட்டியோடு எடுங்கள். கட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டித் தூக்கினால் உதிராது. இரண்டு ஆள் வேண்டும். புதுக் குழியில் பழைய ஆழத்துக்கு மேல் ஓர் அங்குலம் கூடப் புதைக்கக் கூடாது. கன்று வாங்கும்போது அதன் வேரைச் சுற்றிக் கனத்த களிமண் உருண்டை இருந்ததா என்றும் நினைத்துப் பாருங்கள். லாரியில் வெகுதூரம் வரும் கன்றுகள் உடையாமலிருக்க அப்படிக் களிமண்ணில் பொதிந்து அனுப்புவார்கள். நடும்போது அதை உதிர்க்காமல் விட்டால் மூன்று வருடம் கழித்தும் வேர் அந்த உருண்டைக்குள்ளேயே வளைய வந்துகொண்டிருக்கும். இடம் மாற்றும் சாக்கில் அதையும் தளர்த்திவிடலாம்.

இரண்டாவது சந்தேகம் உரம். வெயில் அளவுக்கு இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் கணக்கைப் பார்த்தால் இதுவும் சேர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது. கடலைப் பிண்ணாக்கும் யூரியாவும் தழைச்சத்துதான். வாரா வாரம் ஒன்று, மாதா மாதம் இன்னொன்று. அந்தச் செடிக்குப் பூக்க வேண்டிய நெருக்கடியே இல்லை, விருந்து வீட்டுக் குழந்தை போல ஊட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். வருடத்துக்கு ஒரு முறை, கவாத்து முடிந்த கையோடு, ஒரு கூடை மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் போதும். அடுப்புச் சாம்பல் போட்டால் பூக்கும் என்று யாராவது சொல்வார்கள். சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், உங்கள் பக்கத்து மண்ணுக்கு அது வேண்டாம்.

ஏன் என்றால், கோவையைச் சுற்றிப் பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்பு அதிகம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் கடினம். இந்தச் செடி சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. கார மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உங்கள் இலை கரும்பச்சை என்பதால் இன்று அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இடம் மாற்றினால் வரலாம். புது இடத்து மண்ணை ஒரு பிடி உலர்த்தி, அதன் மேல் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துச் சீறினால் சுண்ணாம்பு மண். குழியில் செம்மண்ணும் தொழுவுரமும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மஞ்சள் தட்டினால் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளிக்கலாம். தெளிக்கும்போது டைல்ஸ் தரையில் சாக்கு விரித்துவிடுங்கள். அன்னபேதிக் கறை துரு நிறத்தில் அப்படியே தங்கிவிடும், என் வீட்டுத் திண்ணையில் பத்து வருடமாக இருக்கிறது.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்ட கவாத்து. வெட்டினால் பட்டுப்போகாது. அமெரிக்காவில் குளிர் கடுமையான பகுதிகளில் சில வருடம் பனியில் இந்தச் செடி தரை மட்டம் வரை செத்துவிடும். வசந்தத்தில் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, அதே கோடையில் பூக்கவும் செய்யும். அதைவிடக் கொடிய வெட்டு உங்கள் கத்தரியால் முடியாது. ஆனால் இப்போது வேண்டாம். மழை ஈரம் இன்னும் காற்றில் இருக்கிறது. இப்போது வெட்டினால் வரும் இளந்துளிர் முழுவதும், வெண்பொடி போலப் படரும் பூஞ்சையான சாம்பல் நோய்க்குத் தீனியாகும். பொங்கல் முடியட்டும். தை பாதியிலிருந்து மாசி நடு வரை சரியான காலம். முதலில் அடியில் முளைத்த வேர்க்கன்றுகளையும் பென்சிலை விட மெல்லிய குச்சிகளையும் முற்றாக நீக்குங்கள். ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் ஒன்றை எடுங்கள். நான்கைந்து நல்ல தண்டுகள் மிஞ்ச வேண்டும். அவற்றில் போன வருடம் வளர்ந்த பகுதியை மட்டும் இரண்டு, மூன்று கணு விட்டு வெட்டுங்கள். எட்டடி அதிக உயரம் என்று தோன்றினால் இரண்டு தவணையில் குறையுங்கள். இந்த வருடம் பாதித் தண்டுகளை முழங்கால் உயரத்துக்கும், அடுத்த வருடம் மீதியையும் வெட்டினால் செடிக்கும் அதிர்ச்சியில்லை, உங்கள் கண்ணுக்கும் மொட்டையாகத் தெரியாது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வருடா வருடம் தடித்த தண்டை ஒரே உயரத்தில் மொட்டையடிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அந்த இடம் முட்டி போலப் புடைத்துக்கொள்ளும். அதிலிருந்து விளக்குமாற்றுக் குச்சி போலக் கும்பலாகக் கிளம்பும் கிளைகள் ஒரு மழைக்கே பூப்பாரம் தாங்காமல் தலை சாய்ந்துவிடும். அமெரிக்கத் தென் மாநிலத் தோட்டக்காரர்கள் இதற்கு ‘கிரேப் கொலை’ என்றே பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள். இதில் நான் அவர்கள் அளவுக்குக் கண்டிப்பானவன் இல்லை. மரமாக வளர்ப்பதற்கு அது கொலைதான். தொட்டியிலோ வேலியோரத்திலோ புதராக வைத்துக்கொள்பவர்களுக்குக் கொஞ்சம் கடுமையான வெட்டு தேவைப்படும். உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், இடம் இருந்தால் மரமாக விடச் சொல்வேன். ஐந்தாறு வருடத்தில் அடித்தண்டு கொய்யா மரம் போலப் பட்டை உரிந்து வழவழவென்று ஆகிவிடும், பூ இல்லாத மாதத்திலும் பார்க்க அழகாக இருக்கும். ஜப்பானியப் பெயரான ‘சருசுபெரி’க்குக் குரங்குக்கே வழுக்கும் மரம் என்று பொருள். சீனத்தில் இதைக் கூச்ச மரம் என்றும் சொல்வதுண்டு, அடித்தண்டை நகத்தால் சுரண்டினால் மேலே கிளை நுனி சிலிர்க்கிறதாம். நான் பல தடவை சுரண்டியிருக்கிறேன். சிலிர்த்தது போலத்தான் இருக்கும், காற்று சும்மா இருந்ததா என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

டாலஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் உங்கள் ஆதங்கம் தீராது. கிரேப் மிர்ட்டில் டெக்சஸ் மாநிலத்தின் அதிகாரபூர்வப் புதர்ச் செடி, 1997இல் அறிவித்தார்கள். டாலஸுக்கு வடக்கே மெக்கின்னி நகரில் இதற்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது, அடுத்த முறை போனால் பாருங்கள். ஆனால் இது அவர்கள் ஊர்ச் செடி இல்லை. சீனத்தில் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்த்தது. ‘நூறு நாள் சிவப்பு’ என்பது அங்கே இதன் பெயர்களில் ஒன்று. ஸ்வீடன் நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் இயக்குநராக இருந்த லாகர்ஸ்ட்ரோம் என்பவர் கிழக்கிலிருந்து செடிகளைத் தேடிக் கொடுத்ததற்கு நன்றியாக லின்னேயஸ் 1759இல் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். ‘இண்டிகா’ என்ற பின்னொட்டைப் பார்த்து இது நம் நாட்டுப் பூ என்று சிலர் பெருமைப்படுவதுண்டு. அந்தக் காலத்து ஐரோப்பியருக்குக் கப்பல் போன கிழக்கெல்லாம் இந்தியாதான். அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுபோனவர் ஆந்த்ரே மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வைத்தார்.

அங்கே அப்படிப் பூப்பதற்கு நான் பார்க்கும் காரணங்கள் மூன்று. ஒன்று, திறந்த வெளி. அகலமான தெரு, பின்தள்ளிக் கட்டிய வீடு, செடிக்கு நாள் முழுதும் வெயில். இரண்டு, பகலின் நீளம். ஜூன் மாதத்தில் டாலஸில் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும். கோவையில் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடத்தை ஒட்டித்தான். இந்த வித்தியாசத்தால் அங்கே ஒரே மூச்சில் ஊரே பூக்கிறது, இங்கே ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை தவணை தவணையாகப் பூக்கிறது என்பது என் கணிப்பு. மூன்று, ரகம். வாஷிங்டனிலுள்ள தேசிய மரப்பூங்காவில் டொனால்ட் எகோல்ஃப் என்பவர், ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து 1956இல் ஜான் கிரீச் கொண்டுவந்த லாகர்ஸ்ட்ரோமியா ஃபௌரியை என்ற இனத்தோடு இண்டிகாவைக் கலந்து புது ரகங்களை உண்டாக்கினார். சாம்பல் நோயைத் தாங்கும் குணம் அந்த ஜப்பானிய இனத்திலிருந்து வந்தது. வெள்ளைப் பூவும் லவங்கப்பட்டை நிறத் தண்டுமாக உயர்ந்து நிற்கும் ‘நாச்செஸ்’ அப்படி வந்ததுதான். நமக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் பெயர் எழுதாத பழைய இண்டிகா. ரோஸ், கத்தரிப்பூ நிறம், வெள்ளை என்று நிறத்தைச் சொல்லி விற்பார்கள், அவ்வளவுதான். சாம்பல் நோய் அதற்கு எளிதில் வரும். மழை முடிந்து பனி இறங்கும் நாட்களில் கொழுந்தின் மேல் கோலமாவு தூவியது போலத் தெரிந்தால் அதுதான். நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து காலை இளவெயிலில் தெளியுங்கள். கொளுத்தும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும்.

குளிர் இல்லாததால்தான் பூக்கவில்லையோ என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆப்பிளுக்கு அந்தக் கணக்கு உண்டு, இதற்கு இல்லை. உறைபனியே பார்க்காத சென்னையில் இது பூக்கிறது.

மகளிடம் சொல்லி நாலு குச்சி கொண்டுவரச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் உயிருள்ள செடியை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அதைத் தடுக்கிறது. பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சன் நகரில் 2004இல் இச்செடியின் பட்டையில் ஒரு செதில் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு போலத் தண்டில் ஒட்டியிருக்கும், நசுக்கினால் இளஞ்சிவப்பு நீர் வரும். கிழக்காசியாவிலிருந்து போய் அங்கே பல மாநிலங்களுக்குப் பரவிவிட்டது. ஆசியாவில் மாதுளையையும் அது தாக்குவதாகப் பதிவு உண்டு. உங்கள் கைப்பெட்டியில் வரும் ஒரு குச்சியால் யாரோ ஒருவரின் மாதுளைத் தோப்பு கெட வேண்டாம்.

நம் ஊரில் இதற்கு வரும் பூச்சித் தொல்லை சிறிதுதான். கொழுந்தின் அடியில் அசுவினி கூடும், அது கழிக்கும் தேன்பாகு போன்ற நீரின் மேல் கரும்பூஞ்சை படரும். இலை புகை படிந்தது போலத் தெரிந்தால் மேலே துடைப்பதை விட்டு அடியைத் திருப்பிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து அடிக்கலாம். தண்ணீர், வேர் பிடித்த செடிக்கு வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக விட்டால் போதும். மொட்டு வைத்த பிறகு மட்டும் காயவிட வேண்டாம், உதிர்த்துவிடும்.

வெயிலுள்ள இடத்தில் நட்டு, தையில் வெட்டினீர்கள் என்றால் மாசிக் கடைசியில் செம்பு நிறக் கொழுந்து வரும். அதிலிருந்து எட்டு, பத்து வாரத்தில் நுனியில் பட்டாணி போல உருண்டை மொட்டுகள் கொத்தாகத் தெரியும். இடம் மாற்றியிருந்தால் முதல் வருடம் சுமாராகத்தான் பூக்கும், ஒரு வருடம் பொறுங்கள். முதல் பூ விரிந்ததும் காலையில் கிட்டே போய்ப் பாருங்கள். ஆறு இதழும் ஒவ்வொன்றும் மெல்லிய காம்பின் நுனியில் தனித்தனியாகக் கசங்கி நிற்கும். நடுவில் மஞ்சள் மகரந்தப் பையோடு குட்டைக் கேசரங்கள் (மகரந்தத் தண்டுகள்) திரளாக இருக்கும். அவற்றைச் சுற்றி நீண்டு வளைந்த ஆறு கேசரம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது. தேனீ நடுவிலுள்ள மஞ்சளைத் தின்ன வரும். அது தின்று முடிப்பதற்குள் நீண்ட கேசரங்கள் அதன் முதுகிலும் விலாவிலும் தங்கள் மகரந்தத்தை அப்பிவிடும், அதுதான் அடுத்த பூவுக்குப் போய் விதையாகிறது. கொத்து வாடியதும் பச்சைக் காய் பிடிப்பதற்குள் அடியில் இரண்டு இலையோடு கிள்ளி எடுத்தால், ஆறேழு வாரத்தில் பக்கக் கிளைகளில் மறுபடி பூக்கும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் காய் முற்றி ஆறாக வெடிக்கும், உள்ளே சிறகு வைத்த விதை. விதை முளைக்கும், ஆனால் தாயின் நிறம் வரும் என்று நம்ப முடியாது.

அதே நிறம் வேண்டுமென்றால் போத்துதான், அதாவது வெட்டிய குச்சியை நட்டு வேர் பிடிக்க வைப்பது. தையில் வெட்டிய குச்சிகளில் பென்சில் கனமுள்ளவற்றை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, முக்கால் பங்கு மணலில் புதையும்படி நட்டு, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். தலைகீழாக நட்டுவிடாதீர்கள், அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மாதத்தில் வேர் பிடித்துவிடும். பத்துக் குச்சி வைத்தால் ஆறு தேறும். அதில் ஒன்றை, ஆண் செடி என்று சொன்னாரே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். அவர் வாசல் தெற்குப் பார்த்தது என்று எழுதியிருந்தீர்கள், வெயில் நன்றாக விழும்.